அடித்தளத்தின் குரல்: ஹெவி மெற்றல் இசையில் பேஸ் கிற்றார்

மேனாட்டு இசைக்குழுவொன்று வாசிக்கும்போது நமது செவி முதலிற் சென்று பற்றுவது பாடகரின் குரலை. அடுத்துக் கிற்றாரின் விரைந்த நாதத்தை. பின்னர் முரசுகளின் அதிர்வை. இம்மூன்றுக்கும் கீழே நின்று, மூன்றையும் தாங்கிச் செல்லும் நான்காவது குரலொன்றும் உண்டு. வீட்டின் அத்திவாரத்தை எவரும் நின்று பார்ப்பதில்லை. ஆயினும் அஃதில்லாத வீட்டில் எவரும் குடியிருக்கத் துணிவதுமில்லை. அத்தகைய அத்திவாரமாய் அமைந்த கருவியே பேஸ் கிற்றார்.

நேயர்களே, 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் இங்கிலாந்தில் உருக்கொண்ட பெருமுழக்க இசையொன்றினை ஹெவி மெற்றல் என வழங்குவர். ‘கன உலோகம்’ என்பது அப்பெயரின் பொருள். இவ்விசையிலே பேஸ் கிற்றார் பெற்ற இடம் விசித்திரமானது. தன் குரல் கேட்கப்படவேண்டும் என்னும் தேவையினாற் பிறந்த கருவி அது. ஆனால், அதற்கெனச் செய்யப்பட்ட அம்பிளிபயரே பிற்காலத்தில் அதன் குரலை அமிழ்த்திவிடும் முழக்கத்துக்கும் வழி திறந்தது. அவ்வாறு இழந்த இடத்தை அதனை வாசித்தோர் எவ்வாறு மீட்டனர் என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

பேஸ் கிற்றாருக்கு முன்னோடி, ஆள் உயரத்தையும் விஞ்சி நிற்கும் டபிள் பேஸ் என்னும் பெருவாத்தியமாகும். அதனை ஊரூராகக் காவிச்செல்வது பெரும்பாடு. அன்றியும், நடனக் குழுக்களில் முரசுகளும் பித்தளை ஊதுகருவிகளும் ஒருங்கே முழங்குகையில் அதன் மெல்லிய நாதம் எவர் செவிக்கும் எட்டாது போயிற்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் வாழ்ந்த போல் டட்மார்க் என்பவர் 1930களின் நடுப்பகுதியில், கிற்றாரைப் போலக் கிடையாக ஏந்தி வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றினைச் செய்து விற்பனைக்கு விட்டார். நான்கு தந்திகளும் மெட்டுக்களும் கொண்ட அக்கருவியைக் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை.

காலம் கனிந்தது 1951ஆம் ஆண்டிலாகும். கலிபோர்ணியாவின் புல்லேட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் கடையொன்றை நடாத்தியவர் லியோ பெண்டர். கிற்றார் வாசிக்கத் தெரியாத இம்மனிதர் செய்த கருவிகளே உலகெங்கும் கிற்றார் இசையின் போக்கினை மாற்றின என்பது வியத்தற்குரியது. அவர் 1951இல் வெளியிட்ட பேஸ் கிற்றாருக்குப் ‘பிறிசிஷன் பேஸ்’ எனப் பெயரிட்டார். பிறிசிஷன் என்றால் துல்லியம். டபிள் பேஸில் மெட்டுக்கள் இல்லை. விரல் சிறிது பிசகினாலும் சுரம் பிசகும். வீணையிற் போல மெட்டுக்கள் பதித்த கழுத்திலோ, விரல் வைத்த இடத்திற் சுரம் சரியாக நின்றது. அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். பெரும்பாலான பேஸ் கிற்றார்களுக்கு இன்றும் அதுவே அளவு.

தாழ்ந்த சுரத்தைப் பெரிதாக ஒலிக்கச் செய்வது எளிதன்று. சாதாரண கிற்றாரின் ஆகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 தடவை அதிரும். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி அதனிற் பாதியாக, ஏறத்தாழ 41 தடவை மாத்திரமே அதிரும். அஃதாவது ஒரு ஸ்தாயி கீழே. அச்சுரம் காற்றில் எழுப்பும் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 27 அடி. மனிதச் செவியோ தாழ்ந்த சுரங்களை உயர்ந்த சுரங்களைப் போல இலகுவில் உணர்வதில்லை. ஆகவே இரண்டையும் சமமாகக் கேட்கச் செய்வதற்குப் பேஸுக்குப் பன்மடங்கு வலுவும் பெரிய ஒலிபெருக்கியும் வேண்டும். சிறிய வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நேயர்கள் ஒன்றினைக் கவனிக்கலாம். அப்பெட்டியினால் அந்த 41 அதிர்வுகளை ஏறக்குறைய எழுப்பவே இயலாது. எனினும் அத்தந்தியோடு சேர்ந்தொலிக்கும் மேற்றொனிகள் நமது செவிக்கு எட்டுகின்றன. அவற்றைக் கொண்டு, வராத அடிச்சுரத்தையும் நமது மூளையே இட்டு நிரப்பிவிடுகின்றது. பேஸ் வாசிப்போருக்கு மேற்றொனிகள் எத்துணை இன்றியமையாதவை என்பது இதனாற் புலப்படும். பின்வரும் வரலாற்றுக்கும் இதுவே திறவுகோல்.

தமது புதிய கருவிக்கு ஏற்ற துணையாக லியோ பெண்டர் 1952இல் ‘பாஸ்மன்’ என்னும் அம்பிளிபயரை வெளியிட்டார். அது பேஸுக்கெனவே செய்யப்பட்டது. ஆனால், அதனைக் கூட்டி வைத்து வாசித்தபோது எழுந்த கரகரப்பான நாதத்திற் கிற்றார் வாசிப்போர் மனதைப் பறிகொடுத்தனர். இலண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த முரசுக் கலைஞர் ஜிம் மார்ஷலும் அவருடைய உதவியாளர்களும் 1960களின் தொடக்கத்தில் இந்தப் பாஸ்மனையே மாதிரியாகக் கொண்டு தமது முதலாவது அம்பிளிபயரைச் செய்தனர். அதன் வழிவந்த மார்ஷல் அம்பிளிபயர்கள் நூறு வாற் வலுவுடன், சுவர்போல அடுக்கிய ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு மேடைகளில் ஏறின. ஹெவி மெற்றலின் முழக்கம் அவற்றிலிருந்தே எழுந்தது. பேஸுக்கென வெட்டிய வாய்க்காலிற் கிற்றாரின் வெள்ளம் பாய்ந்தது எனலாம். பேஸ் வாசித்தவர் அவ்வெள்ளத்தில் நின்று தமது குரலைத் தேடவேண்டியவரானார்.

வடக்கே பேர்மிங்காம் நகரம் இரும்புப் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பேர்போனது. அந்நகரின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் 1968இல் ஒன்றுசேர்ந்தனர். அவர்களின் குழுவே ‘பிளாக் சபத்’. கிற்றார் வாசித்த டொனி அயோமி, தமது 17ஆவது வயதில், உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில், வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளிலே, இயந்திரத்தில் அகப்பட்டு வலது கையின் இரு விரல்களின் நுனியை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. நெருப்பிற் சிக்கி இரு விரல்கள் முடங்கிய பின்னரும் கிற்றார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ றைன்ஹார்ட்டின் இசைத்தட்டினைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கேட்கச் செய்தார். அயோமி மீண்டும் துணிவு கொண்டார். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரற்கவசங்கள் செய்து, அவற்றின்மேற் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர், தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வெளிவந்த அவர்களின் மூன்றாவது இசைத்தட்டிற் பல பாடல்கள் வழமையினும் மூன்று அரைச்சுரம் தாழ்ந்து ஒலிக்கின்றன. ஒரு தொழிலாளியின் காயம் ஓர் இசைவகையின் கனத்துக்கே காரணங்களுள் ஒன்றாயிற்று.

இத்தாழ்ந்த நாதத்தின் கீழே மற்றொரு நாதம் நிற்பது எங்ஙனம்? அவ்வினாவுக்கு முதல் விடை கண்டவர் குழுவின் பேஸ் வாசிப்பாளர் கீஸர் பட்லர். அவர் முன்னர் கிற்றார் வாசித்தவர். கிற்றாரின் இசைத்தொடரைத் தாமும் கீழ் ஸ்தாயியில் அப்படியே தொடர்ந்து வாசித்தார். கிற்றார் வாசிப்போர் செய்வதுபோலத் தந்தியை வளைத்துச் சுரத்தை இழுத்தார். கிற்றார் தனித்து மேலே பறக்கும் வேளைகளில் கீழேயுள்ள வெற்றிடத்தைத் தமது சுரங்களால் நிரப்பினார். 1970 பெப்ரவரியில் வெளிவந்த முதலாவது இசைத்தட்டினைக் கேட்போர், ஒரே கிற்றாருடைய குழு இரண்டு மூன்று கிற்றார்கள் சேர்ந்தாற்போல ஒலிப்பதை உணர்வர். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தில் நின்று துணைசெய்வார். பட்லரோ முதன்மைக் கருவியின் நிழலாகவே உடன் நடந்தார். அவரது வழி, ஒன்றிநிற்கும் வழி.

இரண்டாவது விடை, முன்னே வந்து நிற்பது. லெமி கில்மிஸ்டர் என்பாரும் கிற்றார் வாசித்துப் பழகியவரே. 1971இல் ‘ஹோக்வின்ட்’ என்னும் குழுவிற் சேர்ந்தபின்னரே பேஸைக் கையில் எடுத்தார். 1975இல் அக்குழுவிலிருந்து நீக்கப்பட்ட அவர் ‘மோட்டர்ஹெட்’ குழுவை அமைத்தார். றிக்கன்பக்கர் வகை பேஸை மார்ஷல் அம்பிளிபயரிற் பூட்டி, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, நடுத்தர ஒலிகளை முற்றாகக் கூட்டி, ஒரே வேளையில் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து அடித்தார். இடையறாது உறுமும் அந்நாதம் கிற்றாரின் இடத்தையும் பேஸின் இடத்தையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. 1980இல் வெளிவந்த ‘ஏஸ் ஒப் ஸ்பேட்ஸ்’ இதற்குத் தக்க சான்று. மேற்றொனிகளே பேஸைக் காதுக்குக் கொண்டுவருவன என்று முன்னர் கூறினோமன்றோ? அதனை இவர் எல்லைவரை கொண்டு சென்றார்.

மூன்றாவது விடையைத் தந்தவர் கிழக்கு இலண்டனைச் சேர்ந்த ஸ்டீவ் ஹரிஸ். வரைபடக் கலைஞராய்த் தொழில்புரிந்த அவர் 1975இல் ‘அயன் மெய்டின்’ குழுவை நிறுவினார். பிறிசிஷன் பேஸை வெறும் விரல்களால் மீட்டிக் குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளநடையைத் தமது முத்திரையாக்கினார். நீண்ட ஓர் அடியும் குறுகிய இரண்டு அடிகளுமாக, தகிட தகிட என்று ஓடும் நடை அது. அவரது விரல்கள் தந்தியை மெட்டுக்களில் மோதச் செய்வதால் எழும் ‘டக் டக்’ என்னும் ஒலி, கிற்றார்களின் முழக்கத்தை ஊடறுத்துச் செவிக்கு எட்டுகின்றது. குழுவின் பாடல்களிற் பெரும்பாலானவற்றை ஆக்கியவரும் அவரே. ஆகவே அங்கு பேஸ் பின்தொடர்வதில்லை, வழிநடத்துகின்றது. இவர்களுக்கு மாறாக, ‘ஜூடாஸ் பிறீஸ்ட்’ குழுவின் இயன் ஹில் அரை நூற்றாண்டுக்கு மேலாக, அலங்காரம் ஏதுமின்றி, அடிச்சுரங்களை முரசோடு ஒட்டி வாசித்து வருகின்றார். இரண்டு கிற்றார்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் குழுவில் அத்தகைய அடக்கமும் ஒரு கலையே.

கருவியின் வளர்ச்சிக்குத் தந்தியும் ஒரு காரணம். தொடக்கத்தில் பேஸ் தந்திகளின் மேற்சுற்றுக் கம்பி தட்டையானது, நாதம் மழுங்கியது. ‘த ஹூ’ குழுவின் ஜோன் என்ற்விசில், பியானோவைப் போல மணியென ஒலிக்கும் பேஸ் தந்தியை வேண்டினார். தந்தி செய்யும் ஜேம்ஸ் ஹவ்வுடன் சேர்ந்து அவர் 1966இல் உருவாக்கியது, உருண்டைக் கம்பி சுற்றிய ‘றொட்டோசவுண்ட்’ தந்தி. பின்வந்த மெற்றல் வாசிப்பாளரிற் பெரும்பாலோர் உருண்டைச் சுற்றுத் தந்தியையே கொண்டனர். ஆயினும் ஸ்டீவ் ஹரிஸ் தட்டைச் சுற்றுத் தந்தியையே விடாது பயன்படுத்தி வருவது, நாதம் கருவியில் மாத்திரமன்றி விரலிலும் உண்டென்பதைக் காட்டுகின்றது. அம்பிளிபயரும் வளர்ந்தது. 1969இல் அமெரிக்காவின் அம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்.வீ.ரீ. என்னும் பேஸ் அம்பிளிபயர் பதினான்கு வால்வுகளும் 300 வாற் வலுவும் கொண்டது. இறுதியிற் பேஸ், கிற்றாரோடு சரிநிகராக நிற்கும் வலுவைப் பெற்றது.

வலு இருந்தும் குரல் இழந்த கதை ஒன்று உண்டு. ‘மெற்றலிக்கா’ குழுவின் கிளிப் பேர்ட்டன் பேஸைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர். 1983இல் வெளிவந்த முதலாவது இசைத்தட்டில் அவருக்கெனத் தனி பேஸ் உருப்படியொன்றே இடம்பெற்றது. 1984இல் வந்த பாடலொன்றின் தொடக்கத்தை அவர் ஒலிச்சிதைவோடு வாசித்திருப்பதைக் கேட்டுக் கிற்றார் என மயங்கியோர் பலர். 1986 செப்ரெம்பர் 27ஆம் நாள், சுவீடன் நாட்டில் இரவுப் பயணத்தின்போது குழுவின் பேருந்து கவிழ்ந்து, 24 வயதில் அவர் உயிர்நீத்தார். அவரது இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். 1988இல் வெளிவந்த அடுத்த இசைத்தட்டு ‘அண்ட் ஜஸ்டிஸ் போர் ஓல்’. அதனைக் கேட்போர், நான்கு பேருடைய குழுவில் மூவரின் வாசிப்பையே கேட்பதாக உணர்வர். பேஸ் ஏறக்குறைய இல்லை. ஒலிக்கலவை செய்தோர், குழுவினரின் விருப்பப்படியே அது குறைக்கப்பட்டதெனப் பிற்காலத்திற் கூறியுள்ளனர். அன்றியும், கிற்றாரின் தாழ்ந்த ஒலிகள் மிகைப்பட்டிருந்தன. நியூஸ்டெட் கிற்றாரின் இசைத்தொடரையே ஒட்டி வாசித்தார். ஆகவே இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டன. பட்லருக்குக் கைகொடுத்த அதே முறை இங்கே கைவிட்டது. 1991இல் வந்த அடுத்த இசைத்தட்டில் பேஸுக்குரிய இடம் திருப்பியளிக்கப்பட்டது. குழுவின் நாதம் நிறைந்து நின்றது. தாழ்ந்த குரலின் பெறுமதியை உணர்த்த, அஃதில்லாத ஓர் இசைத்தட்டைவிடச் சிறந்த ஆசான் வேறில்லை.

1990களிற் சுருதி மேலும் இறங்கியது. ஏழு தந்திக் கிற்றார் பரவவே, பேஸ் வாசிப்போர் ஐந்தாவது தந்தியொன்றை நாடினர். அதன் அதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ 31 தடவை. இத்தகைய தாழ்ந்த தந்தி தளர்ந்து குழையாதிருக்கத் தடித்த கம்பியும், சிலபோது 34க்குப் பதிலாக 35 அங்குல நீளமும் வேண்டப்பட்டன. ஒலியமைப்பிலும் ஒரு நுட்பம் நிலைபெற்றது. பேஸின் ஒலியை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதியைத் தூய்மையாகவும் மேற்பகுதியை ஒலிச்சிதைவோடும் அனுப்பி மீண்டும் சேர்ப்பர். பட்லரின் கனமும் லெமியின் உறுமலும் இவ்வாறு ஒரே கருவியில் இணைகின்றன.

இத்தகைய கருவியைப் பேணுவதும் வாசிப்பின் ஓர் அங்கமே. உருண்டைச் சுற்றுத் தந்தியின் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் படிந்தால் நாதம் மங்கும். ஆகவே வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்தல் வேண்டும். புதுத் தந்திக்குப் பணமில்லாதோர் பழைய தந்தியை நீரிற் கொதிக்கவைத்து உலர்த்திச் சில நாளைக்கு உயிர்ப்பிப்பதும் உண்டு. கழுத்தின் உள்ளே தந்திகளின் இழுவையை எதிர்த்து நிற்கும் உருக்குக் கோல் ஒன்றுள்ளது. சுருதியை இறக்கினால் இழுவை குறைந்து கழுத்து பின்னோக்கி வளையும். தந்தி மெட்டுக்களில் உரசி இரையும். தடித்த தந்தியைப் பூட்டினாலோ கழுத்து முன்னோக்கி வளைந்து தந்தி எழும்பி நிற்கும். இரண்டுக்கும் அக்கோலைச் சிறிது சிறிதாக, ஒரு தடவைக்குக் காற்சுற்றுக்கு மேற்படாது திருப்பிச் சரிசெய்வர். பன்னிரண்டாவது மெட்டிற் பிடித்த சுரமும் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயியும் ஒத்திராவிடின், குதிரையிலுள்ள தாங்கியை நகர்த்தித் தந்தியின் நீளத்தைத் திருத்தல் வேண்டும். உள்ளே மின்கலம் பொருத்திய பேஸாயின், வாசியாத வேளையிற் செருகியைக் கழற்றிவிடாவிட்டால் மின்கலம் வீணே கரையும். வால்வு அம்பிளிபயரை ஒலிபெருக்கி இணைக்காது ஒருபோதும் இயக்கலாகாது. செல்லுமிடமற்ற வலு அதன் உள்ளுறுப்பையே பழுதாக்கும்.

கருவியைப் பேணுவோர் தமது செவியையும் பேணுதல் வேண்டும். முழக்கத்தில் நெடுங்காலம் நின்று கேட்கும் ஆற்றலை இழந்த றொக் இசைஞர் பலர். ஜோன் என்ற்விசிலும் அவர்களுள் ஒருவர். உதிர்ந்த செவிநரம்புக் கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஒத்திகையிலும் மேடையிலும் காதடைப்பானை அணிவது கோழைத்தனம் ஆகாது. தாழ்ந்த சுரத்தைக் கடைசிவரை கேட்க விரும்புவோர் செய்யும் விவேகமே அது.

2025 யூலை 5ஆம் நாள், பிளாக் சபத்தின் முதல் நால்வரும் இருபது ஆண்டுகளின் பின்னர் ஒருங்குசேர்ந்து, தாம் வளர்ந்த ஆஸ்டனின் வில்லா பார்க் விளையாட்டரங்கிலே தமது இறுதிக் கச்சேரியை நிகழ்த்தினர். பதினேழு நாட்களின் பின் பாடகர் ஒஸி ஒஸ்போண் காலமானார். அந்த மேடையிலும் கீஸர் பட்லர், ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இசைத்தட்டிற் பதித்த அதே தாழ்ந்த சுரங்களையே வாசித்தார். நேயர்களே, மேனாட்டு இசையை அடுத்த முறை கேட்கும் வாய்ப்பு நேர்ந்தால், பாடகரையும் கிற்றாரையும் ஒரு கணம் ஒதுக்கிவைத்து, அடியில் நடக்கும் அக்குரலை மாத்திரம் பின்தொடர்ந்து பாருங்கள். அறிந்த பாடலே புதியதொரு பாடலாகக் கேட்கும்.